சின்னக் கல்வட்டம்

செகந்திராபாத்,
12-1-1975

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே சௌக்கியம். முழங்கால் வலி பனிக்காலம் முடிகிறவரை போகாது என்று அம்மா தானே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதையேதான் சொன்னார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு. பல்லாவரத்தில் நீயும் பசங்களும் எப்படி இருக்கிறீர்கள்? மாமா இடுக்கி அணை வேலையிலிருந்து பொங்கலுக்கு வருகிறாரா?

இப்போது ஒரு வேலையாக எழுதுகிறேன். எங்கள் தொல்பொருள் இலாகாவில் என்னை ராயகுட்டா மலைக்குப் போட்டிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் நீயும் மாமாவும் குவாரி லைனில் குடியிருந்தீர்களே, அதே மலைதான். குஷாய்குடா பக்கம் தினம் ஒரு ஷெட் எழும்புகிறது. ரயில்வேக்கும் ஜல்லி போதவில்லை. அதனால் குவாரிக்காரர் இன்னும் கொஞ்சம் மலை கேட்டிருக்கிறார். கொடுப்பதற்கு முன்னால் அங்கே பழங்காலத்துச் சமாதிகள் எத்தனை, எதைக் குவாரிக்கு விடலாம், எதை விடக்கூடாது என்று நாங்கள் பார்த்து எழுத வேண்டும். கல்லை வட்டமாக நட்டு நடுவில் புதைத்திருப்பார்களே, அவைதான். மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாது. அறிக்கை மே மாதம் கமிட்டிக்குப் போக வேண்டும்.

ஜீப் டிரைவர் அப்துல் ரஹீம் மலையைப் பார்த்ததும் 'நக்கோ சாப்', வேண்டாம் சார் என்று அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். தெற்கே ஒரு வண்டிப்பாதை இருந்தது என்று அம்மா சொல்கிறாள். உனக்கு நினைவு இருந்தால் எழுது.

அன்புத் தம்பி,
தேவராஜ்


பல்லாவரம்,
24-1-1975

தம்பி தேவராஜுக்கு அக்கா ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். பெரியவனுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது, அது எப்போதும் ஒழுகுவதுதான். மாமாவுக்குப் பொங்கலுக்கு லீவு கொடுக்கவில்லை. அம்மாவுக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடு.

தெற்குப் பாதை இருந்தது. அனுமார் கோயிலை ஒட்டிப் போகும். இப்போது இருக்கிறதோ என்னவோ.

குவாரிக்காரர் கேட்டிருப்பது மலையில் எந்தப் பக்கம்? கிழக்குச் சரிவும் அதில் வருகிறதா? சும்மாதான் கேட்கிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே.

இப்படிக்கு,
ஜலஜா


பல்லாவரம்,
5-2-1975

என் வீட்டுக்காரருக்கு ஜலஜா வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்க அனுப்பின மிளகு வந்து சேர்ந்தது. அங்கே மழையும் குளிரும் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். நெஞ்சுச் சளிக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா இல்லையா, மறைக்காமல் எழுதுங்க.

ராயகுட்டாவை மறுபடி உடைக்கப் போகிறார்களாம். கிழக்குச் சரிவு முழுக்க. நம்ம தேவராஜ்தான் அங்கே போய்ப் பழைய சமாதிகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். கிழக்குச் சரிவா என்று கேட்டு எழுதினேன், ஆமாம் என்று நேற்றுப் பதில் வந்தது.

அங்கேதானே நம்ம குழந்தையை வைத்தீர்கள். தீட்டுக்காரி, பொம்பளை வரக்கூடாது என்று என்னை லைன் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். நீங்களும் நாலு ஆம்பளைகளும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனீர்கள். கிழக்குச் சரிவில் கல் வைத்து வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றைக்குக் கேட்கிறேன். எந்த இடம்? எப்படி வைத்தீர்கள்?

தேவராஜுக்கு அப்போது பத்து வயசு. குழந்தை காய்ச்சலில் போய்விட்டது என்று மட்டும் தெரியும். அவனிடம் சொல்லட்டுமா?

ஜலஜா


இடுக்கி,
17-2-1975

ஜலஜாவுக்கு பெருமாள் எழுதிக்கொண்டது.

நான் நல்லா இருக்கேன். சளி இருக்கு. மருந்தும் இருக்கு. இந்த வாரம் பூரா சுரங்கத்துக்குள்ளே வேலை, அதான் பதில் லேட்டு.

நீ கேட்டதைச் சொல்றேன். சரிவுக்குப் பாதியில பழைய கல்வட்டங்கள் நிறைய கெடக்கும். ராட்சசன் குழின்னு தெலுங்கு ஆளுங்க பேர் வச்சிருந்தாங்க. அதுக்குள்ளே எவனும் உளி வைக்க மாட்டான், வெடிக்குக் குழி அடிக்க மாட்டான். மொதலாளி கத்தினாலும் சுத்திக்கிட்டுப் போய் அடுத்த பாறையிலதான் வேலை பார்ப்போம். நம்ம சேலத்து ஆளுங்களும் அப்படித்தான், கடப்பாக்காரங்களும் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் நானும் அதே மாதிரி சின்னதா ஒரு வட்டம் வச்சேன். புதுக் கல்லு வச்சா குவாரி ஆளுங்க கண்டுபிடிச்சுடுவாங்கன்னு, உளி படாத கல்லா, சரிவில கெடந்த கறுத்த கல்லா பார்த்துப் பொறுக்கி, பாசி புடிச்ச பக்கத்தை வெளியே காட்டி வச்சேன். மத்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. அன்னிக்குக் கூட வந்தவங்களுக்குக்கூட அப்புறம் அடையாளம் தெரியலை.

தேவராஜுகிட்ட சொல்லாதே. மத்ததோட சேர்த்து அதையும் அவன் எண்ணிட்டுப் போகட்டும். சர்க்கார் எண்ணி எழுதிட்டா ஒருத்தனும் கை வைக்க முடியாது. நமக்கு அதுதானே வேணும்.

பசங்க படிக்கிறாங்களா? பெரியவனை ராத்திரி சினிமாவுக்கு விடாதே.

பெருமாள்


செகந்திராபாத்,
16-3-1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா உன் நொச்சி ஒத்தடத்தை ஊரெல்லாம் புகழ்கிறாள். டாக்டர் பேர் கெட்டுப்போயிற்று.

தெற்குப் பாதை இருக்கிறது. கணக்கும் முடிந்தது. கிழக்குச் சரிவில் இருபத்திரண்டு வட்டங்கள். ஆனால் அநேகமாக எல்லாவற்றையும் யாரோ எப்போதோ புதையல் தேடித் தோண்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கல் சாய்ந்து கிடக்கிறது. கமிட்டி முன்னால் இந்த உடைசல்களைக் காட்டி 'மலையை விட்டுவிடுங்கள்' என்று கேட்டால் சிரிப்பார்கள். பத்து நாள் மனசு விட்டுத்தான் போயிருந்தேன்.

போன வாரம் ஒன்று அகப்பட்டது. ரொம்பச் சின்னது. புல் மூடியிருந்ததால் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு கல் அசையவில்லை. அளவைப் பார்த்தால் குழந்தைச் சமாதி. இந்தக் காலத்துக் குழந்தைச் சமாதி முழுசாகக் கிடைப்பது அபூர்வம். எங்கள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சரிவு முழுவதையும் காப்பாற்ற இது ஒன்று போதும் என்கிறார்.

ஆனால் வெறும் கல்லைக் காட்டி ஆகாது, ஒன்றைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். ஒன்றுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சின்னதையே திறக்கிறோம். உகாதி கழிந்ததும் ஆரம்பம். எனக்கு இலாகாவில் பேர் வாங்கித் தரப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். மாமாவுக்கும் எழுது, அவர் வேலை பார்த்த மலை என்று சந்தோஷப்படுவார்.

தேவராஜ்


பல்லாவரம்,
22-3-1975

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மாமாவைக் கேட்டுக்கொண்டு எழுத நேரம் இல்லை. இடுக்கிக்குக் கடிதம் போய்த் திரும்புவதற்குள் நீ மண்வெட்டியை எடுத்துவிடுவாய்.

அந்தச் சின்ன வட்டத்தைத் தோண்டாதே தேவராஜ். அதில் இருப்பது என் குழந்தை. மாமா வைத்தது. குவாரி ஆட்கள் தொடாமல் இருக்கட்டும் என்று பழையது மாதிரியே, பாசிக் கல்லாகப் பார்த்து வைத்திருக்கிறார். உனக்கு அப்போது பத்து வயசு, உன்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கே இடம் தெரியாது. என் கண்ணால் நான் பார்த்ததில்லை. நீதான் பார்த்திருக்கிறாய்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும், அந்த இடத்தை வெடி வைத்து உடைக்கக்கூடாது. அதற்கு நீ என்ன செய்ய வேண்டுமோ செய். மூவாயிரம் வருஷம் என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிடு. திறக்காமல் இருப்பதற்கு ஏதாவது காரணம் சொல்லு. படித்திருக்கிறாய், உனக்கு ஒரு காரணம் கிடைக்காதா? அக்கா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

ஜலஜா


பல்லாவரம்,
14-4-1975

தம்பிக்கு,

வருஷப் பிறப்பு ஆசீர்வாதம். அம்மா எப்படி இருக்கிறாள்? போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உகாதியும் போய்விட்டது. திறந்தீர்களா இல்லையா, அது ஒன்றை மட்டும் கார்டில் எழுதிப் போடு.

ஜலஜா


செகந்திராபாத்,
11-5-1975

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். பதில் எழுதத் தாமதம். எழுதத் தெரியவில்லை என்பதுதான் உண்மை, வேலை அதிகம் என்பதெல்லாம் சும்மா.

சின்னதைத் திறக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் காலை தனியாகப் போய் ஒரு கல்லை மட்டும் லேசாகப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கமும் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. மூவாயிரம் வருஷம் மண்ணில் உட்கார்ந்த கல் அப்படி இருக்காது. முதல் நாளே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன்.

அறிக்கையில் பழங்காலச் சமாதிகள் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டேன். 'சமீப காலத்தது' என்று எழுதியிருக்கிறேன், யாருடையது என்று எழுதவில்லை. நீ கேட்டதை நான் செய்யவில்லை அக்கா. கமிட்டியில் குவாரிக்காரர் பக்கத்து நிபுணரும் இருந்தார். என்னை மாதிரி அவரும் ஒரு கல்லைப் புரட்டினால் போதும். ஒன்று பொய் என்று தெரிந்தால் மீதி இருபத்தொன்றையும் பொய் என்பார்கள்.

பாதி சிதைந்த ஒன்றைத் திறந்தோம். அதிர்ஷ்டம், அடியில் கறுப்பு சிவப்புப் பானைகளும் இரும்புக் கத்தியும் எலும்பும் கிடைத்தன. அதை வைத்து வாதாடி மேல்பாதிச் சரிவை வாங்கினோம். கீழ்ப்பாதி குவாரிக்குப் போகிறது. எல்லைக் கல் நட்டாயிற்று. சின்ன வட்டம் எல்லைக்கு வெளியே இருக்கிறது, கல்லெறி தூரம். எல்லையை அதுவரை இறக்கச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்றார்கள். சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

ஜூன் பதினாறாம் தேதி அங்கே வெடிக்குழி துளைக்கிற கம்ப்ரஸர் வருகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் என் கையாலேயே திறந்து எடுத்துத் தருகிறேன். ஆள் வைக்க மாட்டேன். இலாகா வேலையாகவும் செய்ய மாட்டேன். நீ வா. மாமாவும் வர முடிந்தால் வரட்டும்.

தேவராஜ்


பல்லாவரம்,
17-5-1975

என் வீட்டுக்காரருக்கு ஜலஜா வணக்கம்.

பசங்க சுகம். எனக்கு ஒரு சுகமும் இல்லை. உங்களுக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தேவராஜிடம் நான் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் அவனே தோண்டியிருப்பான், அதனால் சொன்னேன். அவன் செய்ததைக் கேளுங்க. கணக்கிலிருந்து நம்ம குழந்தையை எடுத்துவிட்டான். யாரோ எவரோ செத்து மண்ணாய்ப் போனவர்களுக்கெல்லாம் எல்லைக் கல் நட்டுக் காவல் போட்டிருக்கிறான், கூடப் பிறந்தவள் குழந்தை குவாரிக்குள்ளே கிடக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல? பத்து வயசு வரைக்கும் அவனை இடுப்பில் தூக்காத குறையாக வளர்த்தேன். இனி அவனுக்குக் கடிதம் எழுத மாட்டேன். திறந்து எடுத்துத் தருகிறேன் வா என்கிறான். நான் போக மாட்டேன்.

நீங்க சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. எதைச் செய்திருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும் போல.

ஜலஜா


இடுக்கி,
25-5-1975

ஜலஜாவுக்கு பெருமாள் எழுதிக்கொண்டது.

சுகம். சளி கொறஞ்சிருக்கு, நெசமாத்தான்.

உன் கடுதாசியை ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். உன் கோவம் எனக்குத் தெரியுது. ஆனா தேவராஜ் பண்ணது சரிதான்.

எங்க வேலையில குழிக்கு மருந்து வச்சுப் பத்த வச்சுட்டு ஓடி ஒளிஞ்சுக்கிட்டு சத்தத்தை எண்ணுவோம். பத்துக் குழி வச்சா பத்துச் சத்தம் கேக்கணும். ஒன்பதுதான் கேட்டுச்சுன்னா ஒன்பதுன்னுதான் சொல்லணும். மேஸ்திரி திட்டுவான், வேலை நின்னு போவும், சாப்பாட்டு நேரம் போவும், அத்தனை பேரும் மொறைப்பாங்க. அதுக்குப் பயந்து பத்துன்னு சொல்லிட்டா, நம்பிப் போயி நிக்கிறவன் செத்தான். அந்த மாதிரி ரெண்டு பேரை நான் தூக்கியிருக்கேன். உன் தம்பி ஒன்பதுன்னு சொல்லியிருக்கான். அவனைத் திட்டாதே.

எனக்கு லீவு கெடையாது, சுரங்கத்தை மூடுற வரைக்கும் ஒருத்தனையும் விட மாட்டாங்க. நீ போ. பொம்பளை வரக்கூடாதுன்னு அன்னிக்கு உன்னை உள்ளே உக்கார வச்சதுல நானும் ஒருத்தன். இன்னிக்கு நானே சொல்றேன், நீ போய் எடுத்துக்கிட்டு வா. பசங்களைப் பக்கத்து வீட்டு எலிசபெத் அம்மா பார்த்துக்குவாங்க, நான் அவங்களுக்கும் ஒரு கார்டு போட்டிருக்கேன்.

பெருமாள்


பல்லாவரம்,
31-5-1975

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வா. அம்மாவிடம் நீயே சொல்லிவை, என்னால் இறங்கியதும் சொல்ல முடியாது.

அக்கா


செகந்திராபாத்,
9-6-1975

என் வீட்டுக்காரருக்கு ஜலஜா வணக்கமாக எழுதுவது.

இங்கே அம்மா, தேவராஜ், நான் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். எலிசபெத் அம்மாவுக்கு நன்றி சொல்லி நீங்களும் எழுதுங்க.

நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போனோம். ஜீப் டிரைவர் ரஹீம் பாய் தன் மச்சான் ஆட்டோவைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து கூட்டிப்போனார். இலாகா ஜீப் நக்கோ, இது வீட்டு வேலை என்றாராம். அடிவாரத்தில் எங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நீங்க வைத்த இடத்தை நான் பார்த்தேன். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கல்லெல்லாம் ஒன்றோடொன்று நெருக்கமாக, நன்றாக வைத்திருக்கிறீர்கள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன்.

தேவராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வரிசை மாறாமல் ஓரமாக வைத்தான். சின்னக் கரண்டியால் மண்ணைத் தோலுரிக்கிற மாதிரி எடுத்தான், அப்புறம் பிரஷ்ஷால் தள்ளினான். அவன் இந்த வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு கையை எடுத்துவிட்டு, 'அக்கா, இதுதான்' என்றான்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எலும்பு எங்கே என்று கேட்டேன். இந்த மண்ணில் பிஞ்சு எலும்பு நிற்காது, பதினைந்து மழைக்காலம் போதும் என்றான். விரலால் தொடாமல் ஓரத்தைக் காட்டினான். அங்கே மட்டும் மண் கறுத்திருந்தது, புளித்தண்ணி கொட்டின துணி மாதிரி. தலை இந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம் என்றான். நான் குனிந்து அதன்மேல் கையை வைத்தேன். என் உள்ளங்கையும் முழங்கையும் சேர்ந்த நீளம்தான். குழந்தை எவ்வளவு நீளம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அப்போதுதான் அழுதேன், நன்றாக அழுதேன். அவனும் அழுதான்.

அப்புறம் ரேஷன் கடையில் சர்க்கரை வாங்க எடுத்துப்போவோமே, அந்த மாதிரித் துணிப்பை ஒன்றைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான். மொட்டையடிக்கவும் காது குத்தவும் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும், நம்ம குழந்தைக்கு அது எதுவும் நடக்கவில்லை. அந்தக் கறுத்த மண்ணை அவன் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டான். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. குழியை மூடிவிட்டு வந்தோம். அந்த இடத்தில் இனி அவர்கள் வெடி வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை. பையைப் பல்லாவரத்துக்கு எடுத்து வருகிறேன். நீங்க லீவு கிடைத்து வந்ததும் மேட்டூருக்குப் போய்க் காவேரியில் விடுவோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் விட வேண்டும்.

பையைக் கட்டினதும், அவர்கள் வழக்கம் போல, எந்த இடம் என்ன தேதி என்று எழுதிக் கட்டுகிற அட்டையை எடுத்தான். பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்திக்கொண்டு, 'அக்கா, என்ன பேர்?' என்று கேட்டான். பேர் வைப்பதற்கு முன்னே போய்விட்டதே. உங்க அம்மா பேரைத்தான் வைக்க வேண்டும் என்று நீங்க நின்றீர்கள். அந்தப் பேர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும், மாட்டவே மாட்டேன் என்று நான் நின்றேன். நிர்மலா என்று வைக்க ஆசைப்பட்டேன். அந்தச் சண்டை தீருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

குப்பம்மாள் என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டான்.

உங்க ஜலஜா